ஒரு பீட்டின் வரவு செலவு

பெருங்கடவிளையில் ஹிப் ஹாப் பீட் செய்ய ஆசைப்படும் பையன் முதலில் கேட்பது கருவியின் விலை. "சேட்டா, எம்பிசி வாங்க எவ்வளவு ஆகும்?" பாதி மலையாளம், பாதித் தமிழ், நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இப்படித்தான் பேச்சு. கேள்வியில் தப்பில்லை. ஆனால் கணக்கு எழுதிப் பார்த்தால் கருவி என்ற பத்தியில் பூஜ்யம் போட்டே வேலையைத் தொடங்கிவிடலாம். பழைய பாட்டின் துண்டை வெட்டி எடுத்துத்தான் பீட் கட்டுகிறார்கள்; பெரிய எண்களெல்லாம் அந்தப் பாட்டின் உரிமை என்ற பத்தியில் இருக்கின்றன. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் அளவு. நிமிடத்துக்கு 90 அடி என்பது ராப்புக்குத் தோதான நடை. ஓர் அடிக்கு 0.667 வினாடி, நாலடி சேர்ந்த ஒரு பார் 2.67 வினாடி. சிடி தரத்தில், அதாவது வினாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், ஸ்டீரியோவில், ஒரு வினாடி ஒலி 1,76,400 பைட் பிடிக்கும். ஒரு பாருக்கு 4,70,400 பைட். தொடக்கத்துக்கு 4 பார், ராப்புக்கு 16, பல்லவிக்கு 8, மறுபடி 16, 8, இடையில் வெறும் இசை 8, முடிவில் பல்லவி 8 என்று கூட்டினால் 68 பார்: 3 நிமிடம் 1 வினாடி, 32 எம்பி. கையிலிருக்கும் போனில் 64 ஜிபி இடமிருந்தால் இதே தரத்தில் 100 மணி நேரத்துக்குக் கொள்ளும்.

இந்த 100 மணி நேரத்தை ஈ-மு எஸ்பி-1200 என்ற பெட்டியோடு ஒப்பிட்டால்தான் இந்தக் கலையின் பழைய சிக்கனம் புரியும். 1987-ல் வந்த அந்தக் கருவியில் மொத்தமே 10 வினாடி பதிவு செய்யலாம். ஒரு துண்டுக்கு உச்சவரம்பு 2.5 வினாடி. 12 பிட், வினாடிக்கு 26,040 மாதிரி. பெருக்கினால் நினைவகம் 390 கிலோபைட்டைச் சுற்றி வரும். மேலே சொன்ன 2.67 வினாடி பார் ஒன்றுகூட அதில் முழுசாக நுழையாது. நியூயார்க் பையன்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். 1.35 மடங்கு வேகம். 3.37 வினாடி இசை 2.5 வினாடிக்குள் அடங்கிவிடும். பிறகு கருவிக்குள் சுமார் 5 செமிடோன் இறக்கினால் பழைய நடைக்குத் திரும்பும். போகிற போக்கில் ஒரு சேதாரமும் உண்டு. அந்தக் கருவி அதிகபட்சம் 13 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இறக்கியபின் அதுவும் 9.6-க்குச் சுருங்கும். மேல் ஒலிகள் உதிர்ந்து, 12 பிட்டின் கரகரப்பு மட்டும் தங்கும். இன்று 'பழைய ஹிப் ஹாப் சத்தம்' என்று காசு கொடுத்து பிளக்-இன் வாங்குகிறார்களே, அது இடம் பற்றாமல் பிறந்த சத்தம்.

எம்பிசி என்று பையன்கள் கேட்பது அதற்கடுத்த ஆண்டில் வந்தது. ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60: 1988, 16 பேட், 12 பிட், 40 கிலோஹெர்ட்ஸ். அதன் பேர் நிலைத்தது நினைவகத்தால் அல்ல, ஸ்விங் என்ற ஒரு வசதியால். ஒரு பாரை 16 கட்டமாகப் பிரித்தால் 90 வேகத்தில் ஒரு கட்டம் 166.7 மில்லிவினாடி. இரண்டு கட்டம் ஒரு ஜோடி, 333 மில்லிவினாடி. ஸ்விங் 50 சதவீதத்தில் இருந்தால் ஜோடியின் இரண்டாம் அடி சரியாக நடுவில் விழும். 54 வைத்தால் 13 மில்லிவினாடி தாமதம். 62 வைத்தால் 40. கேட்பவருக்கு இது தாமதமாகத் தெரியாது, தலை மட்டும் தானாக ஆடும். 66.7-இல் அது திஸ்ர நடையாகிவிடும்.

திஸ்ரத்தில்தான் நம்மூர்ப் பையன் மாட்டிக்கொள்கிறான். கோயில் கொடை மேளத்தையும் பழைய நாட்டுப்பாட்டையும் எடுத்து 16 கட்டத்தில் உட்கார வைக்கப் பார்ப்பான். அவற்றில் பல அடிக்கு மூன்றாக நடப்பவை. பாருக்கு 12 கட்டம், ஒவ்வொன்றும் 222 மில்லிவினாடி. 16-இல் போட்டால் ஒவ்வோர் அடியும் நொண்டும். மென்பொருளில் கட்டத்தை ட்ரிப்லெட் என்று மாற்றினால் ஒரே சொடுக்கில் சரியாகும். இது தெரியாமல் நல்ல நல்ல மேளத்தைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

வேகம் பொருந்தாவிட்டால் இன்னொரு கணக்கு. 110 வேகப் பாட்டை 90-க்கு இறக்கினால், சுருதியைத் தனியாகக் கட்டாமல் விட்டால், மூன்றரை செமிடோன் கீழே போகும். பெண் குரல் ஆண் குரல்போல ஆகும். பலருக்கு அதுதான் வேண்டும்.

சரி, எதை வெட்டுவது? 3 நிமிடம் 20 வினாடிப் பாட்டில் 90 வேகத்தில் 75 பார் இருக்கும். பல்லவியும் சரணமும் பாட்டுக்காரர் வாயில் போய்விடும். மிஞ்சுவது முன்னிசையும் இரண்டு இடையிசையும். தமிழ், மலையாளப் படப்பாட்டில் தங்கம் கிடப்பது அங்கேதான். இளையராஜாவை உலகம் தேடி வந்ததும் அதற்காகத்தான். பிளாக் ஐட் பீஸ் 2003-ல் போட்ட 'எலிஃபங்க் தீம்' 1985-இன் 'ஸ்ரீ ராகவேந்திரா' பாட்டிலிருந்து எடுத்தது. எம்.ஐ.ஏ. 2007-ல் 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி'யை வெட்டினார். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழு 2006-ல் 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை அடித்தளமாக்கி ராப் போட்டபோது, களியக்காவிளை சந்தை வரை அது கேட்டது.

இனி அந்த இன்னொரு பத்தி, உரிமை. "ஏழு வினாடிக்குள் எடுத்தால் கேஸ் இல்லை" என்று ஒரு பேச்சு ஊர் ஊராக உலவுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி வினாடிக் கணக்கே கிடையாது. 2005-ல் ராப்பர் தி கேம் வெளியிட்ட ஒரு பாட்டில் இசைத் தயாரிப்பாளர் டிம்பலேண்ட் எடுத்தது 1969 'ஆராதனா' இந்திப் படப் பாட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே வினாடி. அதற்கு சரிகம நிறுவனம் அமெரிக்காவில் போட்ட வழக்கு 2011 மார்ச்சில்தான் மேல்முறையீட்டில் முடிந்தது. சரிகம தோற்றது உண்மை. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் வினாடிக்குள் போகவே இல்லை. 1967-ல் படத் தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தப்படி சரிகமவுக்கு அந்தப் பதிவில் கிடைத்தது இரண்டாண்டு உரிமைதான் என்று சொல்லி முடித்துவிட்டது.

1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று பூட்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. மெட்டுக்கு, இசையமைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60. வரிகளுக்கு, கவிஞர் மறைந்தபின் 60. ஆக, பீட் செய்பவர் கையில் இசைத்தட்டு அட்டவணையோடு இறப்பு ஆண்டு அட்டவணையும் வேண்டும்.

1964-இன் 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவின் பூட்டு 2024 டிசம்பர் 31-இல் திறந்துவிட்டது. கண்ணதாசன் மறைந்தது 1981; வரிகளுக்கு 2041 முடியும்வரை பொறுக்க வேண்டும். இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. கூட்டுப் படைப்பானால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டுதான் கணக்கு. ராமமூர்த்தி 2013, எம்.எஸ்.வி. 2015. எனவே 2075. இன்று 15 வயதுப் பையன் அதை உரிமைத் தொல்லையின்றி வெட்டும்போது பேரன் எடுத்திருப்பான். மலையாளத்தில் 'நீலக்குயில்' 1954: பதிவு 2014-இலேயே திறந்தது, பி. பாஸ்கரனின் வரிகள் 2067, கே. ராகவனின் மெட்டு 2073. 'செம்மீன்' 1965: பதிவு 2025 முடிவில், வயலாரின் வரிகள் 2035 முடிவில், சலில் சௌதுரியின் மெட்டு 2055 முடிவில். இளையராஜாவுக்கு அந்த 60 இன்னும் தொடங்கவே இல்லை, நூறாண்டு இருக்கட்டும்.

நம்மூர்க்காரர்களுக்கு நெருக்கமான ஒன்று: நேமம் மெரிலாண்ட் ஸ்டூடியோ படம் 'ஹரிச்சந்திரா', 1955. தென் திருவிதாங்கூர்க்காரரான கமுகற புருஷோத்தமன் அதில் பாடிய 'ஆத்மவித்யாலயமே'யை இந்தப் பக்கத்தில் கேட்காத வீடில்லை. எழுதியவர் குமரி மாவட்டத்தின் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர், 1965-ல் மறைந்தவர். பதிவு 2015-இல் திறந்தது, வரிகள் 2025 முடிவில். பிரதர் லட்சுமணனின் மெட்டுக்கு அவர் மறைந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். (மலையாளத்தின் முதல் படம் எடுத்த ஜே.சி. டேனியலும் இந்தத் தெற்குத் திசைக்காரர்தான். ஆனால் 'விகதகுமாரன்' ஊமைப்படம். வெட்ட ஒரு வினாடிகூட இல்லை.)

வீட்டில் உட்கார்ந்து பழகுவதற்கு இதெல்லாம் தடையில்லை. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இடமுண்டு. வெளியிடும் நாளில்தான் மீட்டர் ஓடத் தொடங்கும். அதுவும் மேலே சொன்னது இந்தியக் கணக்கு. பிற நாடுகளில் வேறு ஆண்டுகள்.

அதனால்தான் வெட்டிப் பழகியபின் சொந்தமாகப் பதிவு செய்யச் சொல்கிறேன். வில்லடிச்சான்பாட்டு இந்த மண்ணின் சரக்கு, எல்லைக்கு இரண்டு பக்கமும். அதில் அடிக்கும் குடம் ஒன்றே பாதி டிரம் கிட். வாயில் மட்டையால் அடித்தால் அடிவயிற்றில் விழும் கிக். பக்கத்தில் காசால் தட்டினால் ஹை-ஹாட். உடுக்கையின் கயிற்றை இறுக்கித் தளர்த்தினால் சுருதி வளையும், எந்த சிந்தசைசரும் அதற்கு ஈடில்லை. வில்லின் மணிகள் ஷேக்கர். அருவிப்புறத்தில் நெய்யாற்றுப் பாறையோரம் ஒரு நிமிடம் பதிவு செய்து மெல்லியதாக அடியில் ஓடவிட்டால், இசைத்தட்டு இரைச்சலைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பதிவு செய்யும் முறையிலும் எண்கள்தான். போனின் பதிவுச் செயலியை வேவ், 48,000 என்று மாற்ற வேண்டும். தானாகச் சத்தம் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க வேண்டும். மடித்த தோர்த்தின்மேல் போனை வைத்தால் தரையின் அதிர்வு ஏறாது. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், மெதுவாகத் தொடங்கி வலுவாக எட்டு அடி. வெட்டும்போது அலை கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். 55 ஹெர்ட்ஸ் அடியொலியின் ஓர் அலை 18 மில்லிவினாடி நீளம். அதன் நடு வயிற்றில் கத்தி வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒலிக்கும். 5 மில்லிவினாடி ஃபேட் வைத்தால் அது மறையும்.

ரூபாய்க் கணக்கு சுருக்கமாக. வெட்ட ஆடாசிட்டி: இலவசம். அடுக்க அகாயின் எம்பிசி பீட்ஸ்: இலவசம், எம்பிசி கேட்கும் பையனுக்கு இதுவே பதில். ரீப்பர் பிடித்துப்போனால் 60 நாள் சும்மா ஓட்டலாம், பிறகு 60 டாலர், ஐயாயிரத்துச் சொச்சம். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பு சேமிக்கும், ஆனால் சேமித்ததைத் திறக்காது. ராத்திரி செய்த பீட்டைக் காலையில் திருத்த முடியாது என்பது தெரிந்து தொடங்க வேண்டும். ஹெட்போனுக்கு மட்டும் கொஞ்சம் செலவழியுங்கள். போன் ஸ்பீக்கரில் குடத்தின் அடி கேட்கவே கேட்காது, கேட்காத ஒன்றைக் கலக்க முடியாது. கீபோர்டை இப்போது தள்ளிப் போடலாம். நீளத்துக்கும் அவசரமில்லை. ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' ஆல்பம் 2006-ல் வந்தது. 31 துண்டு, மொத்தம் 43 நிமிடம், சராசரி ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. முதல் பீட்டுக்கு 68 பார் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 8 பார் போதும், 21 வினாடி.

முடித்த பீட்டின் பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. விரும்பினால் அரசுக் கட்டணம் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000.

கடைசியாக ஒரு பத்தி, பெரும்பாலானோர் காலியாக விடுவது: வாசித்தவரின் பங்கு. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் கிரெகரி கோல்மன் 'ஆமென், பிரதர்' பாட்டில் நாலு பார் தனியாக வாசித்தார், சுமார் ஏழு வினாடி. உலகில் அதிகம் வெட்டப்பட்ட டிரம் அதுதான். கோல்மன் அதில் ஒரு காசும் பார்க்காமல் 2006-ல் மறைந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்தது 24,000 பவுண்டு. சட்டப்படி வந்த பணம் அல்ல.

குடம் அடிக்கும் ஆசானைக் கூப்பிட்டுப் பதிவு செய்தால் இந்தக் கணக்கு நம் வீட்டுக்கு வரும். நிகழ்த்துபவருக்கு நம் சட்டத்தில் 50 ஆண்டு உரிமை உண்டு. 2026-ல் அடித்த அடிக்கு 2076 முடியும்வரை. பேர், தேதி, அன்றைக்குக் கொடுத்த தொகை, பீட் விற்றால் அவருக்கு எத்தனை சதவீதம் என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட ஒரு தாள் போதும். தமிழிலோ மலையாளத்திலோ, அவருக்கு வாசிக்க வருவதில் எழுதுங்கள். பதிவுக்கு முன்னால் எழுதுங்கள். பாட்டு ஓடத் தொடங்கியபின் சதவீதம் பேச உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் மனசு கெடும்.