இரு அவைகளின் முன் ஒரு தலைமை: கடல் சூழும் கிரிபாஸ்

ஓர் அரசு என்று கொள்ளப்படுவதற்கு நிலையான மக்கள், வரையறுக்கப்பட்ட நிலம், ஆட்சி, பிற அரசுகளோடு உறவுகொள்ளும் தகுதி ஆகிய நான்கும் வேண்டும் என்று 1933ஆம் ஆண்டின் மொன்டேவிடியோ உடன்படிக்கை வகுத்தது. மக்கள்தொகை கூடலாம், குறையலாம், ஆட்சி கவிழலாம், உறவுகள் முறியலாம். ஆனால் நிலம் அங்கேயே இருக்கும் என்பதை அரசியல் சிந்தனை ஒருபோதும் ஐயுற்றதில்லை. போரில் நிலம் கைமாறியதுண்டு. நிலமே இல்லாமற்போகும் நிலையை எந்தச் சட்ட அறிஞரும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்படி எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் உள்ள நாடுகளில் ஒன்று, பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் கிரிபாஸ். ஆங்கில எழுத்தில் ‘கிரிபாட்டி’ என்று காணப்பட்டாலும், அந்நாட்டு மக்கள் அதனைக் கிரிபாஸ் என்றே ஒலிப்பர். வெள்ளையர் சூட்டிய ‘கில்பர்ட்ஸ்’ என்னும் பெயர் உள்ளூர் நாவில் உருமாறியதே இச்சொல். கடல் உயரும் காலத்தில் ஒரு சிறு நாட்டின் தலைமை எதிர்கொள்ளும் நெருக்கடியை இந்நாட்டின் அண்மைக்கால வரலாறு தெளிவாக எடுத்துக்காட்டுகிறது. அந்நெருக்கடி கடலால் மட்டும் விளைந்ததன்று, சொல்லாலும் விளைந்தது.

நிலத்தின் இயல்பு

கில்பர்ட், பீனிக்ஸ், லைன் என்னும் மூன்று கூட்டங்களாக 33 தீவுகள். அவற்றின் மொத்த நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். ஆனால் இந்நாட்டின் உரிமைக்குட்பட்ட கடற்பரப்போ ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,20,000. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தலைநகர்ப் பகுதியான தெற்குத் தராவாவில் நெருங்கி வாழ்கின்றனர். பனாபா என்னும் ஒரு தீவைத் தவிர ஏனையவை பவளப்பாறைகளின்மீது மணலும் பவளத்துகளும் படிந்து உருவான தாழ்நிலங்கள். ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் காயல், இடையே ஒரு குறுகிய நிலத்துண்டு; பல இடங்களில் அதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டரே.

இங்கு ஆறுகள் கிடையாது. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணறுகளும், பாபாய் என்னும் பெருங்கிழங்கு பயிரிடப்படும் குழிகளும், தென்னையும் இந்தப் படலத்தை நம்பியே உள்ளன. பேரலை ஒருமுறை கரையைத் தாண்டி உட்புகுந்தால் இப்படலம் உவர்ப்பாகிவிடும். மீண்டும் நன்னீராக மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட ஆகும்.

1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் உயரும் வேகமும் கூடியுள்ளது. எனினும், தீவுகள் ஒரு தட்டைப் போல அப்படியே நீரில் அமிழும் என்ற பொதுக் கருத்து முழு உண்மையன்று. ஆர்தர் வெப், பால் கெஞ்ச் ஆகிய இரு ஆய்வாளர்கள் பசிபிக்கின் 27 பவளத்தீவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, முந்தைய சில பத்தாண்டுகளில் அவற்றுள் பெரும்பாலானவை பரப்பில் குறையவில்லை. சில வளர்ந்தும் இருந்தன. அலைகள் ஒரு கரையை அரித்து மறுகரையில் மணலைச் சேர்ப்பதே காரணம். ஆனால் நிலம் எஞ்சியிருப்பது ஒன்று. அதில் மனிதர் வாழ முடிவது வேறொன்று. குடிநீர் கெட்டுவிட்ட தீவு, கடலுக்குமேல் தலைநீட்டி நின்றாலும் வாழிடமாகாது. ஆகவே கிரிபாஸின் முன்னுள்ள கேள்வி “எப்போது மூழ்கும்?” என்பதைவிட, “எதுவரை வாழலாம்?” என்பதே.

தலைமை உருவாகும் முறை

கிரிபாஸ் 1979 ஜூலை 12 அன்று பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது. முதல் தலைவரான இயரேமியா தபாய் அப்போது முப்பது வயதைக்கூட எட்டியிருக்கவில்லை. ஊர்ப் பெரியோர் கூடிப் பேசி முடிவெடுக்கும் கூடத்துக்கு ‘மனேபா’ என்று பெயர். நாட்டின் நாடாளுமன்றமும் அப்பெயரையே தாங்கியுள்ளது. தேர்தலுக்குப்பின் நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களுள் மூவரை அல்லது நால்வரை முன்மொழிய, அவர்களுள் ஒருவரை மக்கள் நேரடியாக வாக்களித்துக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒருவர் மூன்று முறைக்குமேல் அப்பதவி வகிக்க இயலாது. ஆக, தலைவர் முதலில் அவைக்கும் பின்னர் மக்களுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். கடல் உயரத் தொடங்கியபின் மூன்றாவதாக இன்னோர் அவையும் சேர்ந்துகொண்டது. அதுவே உலக அவை.

அனோட்டே டோங்: உலகை நோக்கிப் பேசியவர்

2003ஆம் ஆண்டில், எதிர்த்து நின்ற தம் சகோதரர் ஹாரி டோங்கைக் குறைந்த வாக்குகளில் வென்று அனோட்டே டோங் ஆட்சிக்கு வந்தார். 2016 வரை மூன்று முறையும் பதவி வகித்தார். தம் நாடு வெளியிடும் கரிப்புகை உலக அளவில் ஒரு துளி. தாமே அதனை முற்றாக நிறுத்தினாலும் கடலின் உயரத்தில் ஒரு மயிரிழை மாற்றமும் நேராது என்பதை அவர் அறிந்திருந்தார். படையோ செல்வமோ இல்லாத தலைவரிடம் எஞ்சியிருந்தது குரல் ஒன்றே. அக்குரலை உலக அரங்குகளில் ஓயாது ஒலித்தார். 2010இல் தராவாவிலேயே காலநிலை மாநாடு ஒன்றைக் கூட்டினார். 2011இல் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் பான் கி மூன் கிரிபாஸ் வந்து நிலைமையை நேரில் கண்டார். 2015இல், புதிய நிலக்கரிச் சுரங்கங்களைத் திறக்கலாகாது என்று உலகத் தலைவர்களுக்கு டோங் எழுதினார்.

அவரது கொள்கை ‘கண்ணியத்தோடு புலம்பெயர்தல்’ என்று பெயர் பெற்றது. வெள்ளம் துரத்திய பின் ஏதிலிகளாக ஓடுவதைவிட, தொழில் கற்று, மொழி கற்று, வேண்டப்படுவோராக முன்கூட்டியே செல்வது மேல் என்பதே அதன் சாரம். 2006இல் ஆஸ்திரேலிய உதவியோடு கிரிபாஸ் இளைஞருக்குச் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 2014இல் பிஜி நாட்டின் வனுவா லேவு தீவில் 20 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தோட்டநிலம் ஒன்றை 80 இலட்சத்துக்கும் அதிகமான ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து அரசு வாங்கியது. “ஒரு நாடு தனக்கு அடைக்கலமாக வேறொரு நாட்டில் நிலம் வாங்குகிறது” என்று உலக ஏடுகள் எழுதின. அதே ஆண்டில், தேவை நேர்ந்தால் கிரிபாஸ் மக்களைத் தம் நாடு ஏற்கும் என்று பிஜியின் குடியரசுத் தலைவர் உறுதியளித்தார்.

டோங் வெளியேறுவதை மட்டுமே எண்ணினார் என்று கூறுவது நேர்மையாகாது. உலக வங்கியின் துணையோடு கடற்சுவர், கண்டல் நடவு, குடிநீர்ப் பாதுகாப்புப் பணிகளும் அவர் காலத்தில் நடைபெற்றன. எனினும் உலகுக்குச் சொன்னதற்கும் உள்ளூர் நடப்புக்கும் இடையே இடைவெளி விழுந்ததுண்டு. பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி 4,00,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததை உலகம் கொண்டாடியது. 2010இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் 2014 முடியும்வரை அதன் மிகச் சிறு பகுதியில் மட்டுமே வணிக மீன்பிடிப்புக்கு முழுத்தடை இருந்தது. முழுத்தடை வந்தது 2015 ஜனவரி 1 அன்றுதான்.

தனேட்டி மாமாவு: உள்ளூரை நோக்கிப் பேசியவர்

2016 மார்ச்சில் எதிரணியின் தனேட்டி மாமாவு பெருவெற்றி பெற்றார். தேங்காய்க் கொப்பரைக்கு அரசு தரும் விலையை இரட்டிப்பாக்கிக் கிலோவுக்கு இரண்டு டாலராக்கினார். வெளித்தீவுக் குடும்பங்களுக்கு நாட்டின் எதிர்காலம் பற்றிய எந்த மாநாட்டுத் தீர்மானத்தைவிடவும் அது நெருக்கமான செய்தி. இருபதாண்டு வளர்ச்சித் திட்டம் ஒன்றையும் அவர் அறிவித்தார். மீன்வளமும் சுற்றுலாவுமே அதன் தூண்கள். நிலத்தை உயர்த்திக் குடியிருப்பு அமைக்கும் எண்ணமும் முன்வைக்கப்பட்டது. 2017இல் பான் நகரக் காலநிலை மாநாட்டையொட்டி, இறைவனால் படைக்கப்பட்ட இந்நிலம் ஒரு கப்பலைப் போல மூழ்கிவிடும் என்பதைத் தாம் நம்பவில்லை என்ற கருத்தை அவர் வெளியிட்டார். பிஜியில் வாங்கிய நிலம் புகலிடமாக அன்றி விளைநிலமாகப் பயன்படும் என்று அவரது அரசு 2021இல் விளக்கியது.

இதனை அறிவியல் மறுப்பு என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மூழ்கப்போகும் நாடு என்று உலகம் முடிவுகட்டிவிட்டால் அங்கு யார் முதலீடு செய்வர்? எந்த ஆசிரியர் தங்குவார்? எந்த இளைஞர் தென்னங்கன்று நடுவார்? மாமாவுவின் கேள்வி இதுவே. ஆயினும் அவரது வழியிலும் முரண் இருந்தது. தெற்குத் தராவாவுக்குக் கடல்நீரை நன்னீராக்கும் திட்டத்துக்கு 2018இல் ஒப்புதல் அளித்தது பசுமைக் காலநிலை நிதியம். ஆபத்து மெய்யானது என்ற வாதத்தின் பலனாகவே அத்தகைய நிதி கிடைக்கிறது. பீனிக்ஸ் பாதுகாப்புப் பகுதியை மீண்டும் மீன்பிடிப்புக்குத் திறக்கும் முடிவு 2021இல் அறிவிக்கப்பட்டது. மீன்பிடி உரிமக் கட்டணமே அரசு வருவாயின் பெரும்பங்கு என்பதை நினைத்தால் அம்முடிவு வியப்பளிக்காது. ஆனால் டோங் ஈட்டிய நன்மதிப்பு அதனால் குன்றியது.

உறவுகளிலும் திருப்பம் நிகழ்ந்தது. 2003இல் டோங் சீனாவை விட்டுத் தைவானை ஏற்றார்; 2019இல் மாமாவு தைவானை விட்டுச் சீனாவை ஏற்றார். பெருநாடுகள் போட்டியிடும் கடலில் சிறு நாட்டுக்கு ஒப்புதல் என்பதும் ஒரு வளமே. மாமாவு 2020இலும் 2024இலும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில், 2022இல், தலைமை நீதிபதியும் மேல்முறையீட்டு நீதிபதிகளும் இடைநீக்கம் செய்யப்பட்டது, நெருக்கடிக் காலத்தில் ஆட்சியின்மீது வேண்டிய நம்பிக்கையைப் புண்படுத்தியது.

பனாபா தந்த பாடம்

டோங்கின் கண்ணியமான திட்டம் உள்ளூரில் ஏன் முழுமனதோடு ஏற்கப்படவில்லை? அம்மக்களுக்கு இடப்பெயர்வு புதிதன்று. பனாபா தீவில் 1900 முதல் பாஸ்பேட் தோண்டப்பட்டது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களை வளப்படுத்த அத்தீவின் மேனியே சுரண்டி எடுக்கப்பட்டது. 1945 டிசம்பரில் பனாபா மக்கள் பிஜியின் ராபி தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பாஸ்பேட் தீர்ந்து அகழ்வு நின்ற ஆண்டு 1979. நாடு விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான். ராபியில் இன்றும் வாழும் அச்சமூகத்துக்குக் கிரிபாஸ் நாடாளுமன்றத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. 1938இல் பீனிக்ஸ் தீவுகளில் குடியேற்றப்பட்டோரும் வறட்சி தாங்காமல் 1963க்குள் அங்கிருந்து அகற்றப்பட்டுச் சாலமன் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். வனுவா லேவுவில் அரசு வாங்கிய நிலத்திலேயே, முன்னாளில் தோட்டத் தொழிலுக்குக் கொண்டுவரப்பட்ட சாலமன் தீவினரின் வழித்தோன்றல்கள் குடியிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. வெற்று நிலம் என்று உலகில் ஏதுமில்லை. ஒருவரின் புகலிடம் மற்றொருவரின் வீடாகவே இருக்கிறது.

இரு அவைகளும் ஒரு சொல்லும்

இரு தலைவர்களையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்துவதில் பயனில்லை. அவர்களுடைய முரண், அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலானதன்று. இரு அவைகளுக்கு இடையிலானது. “நாங்கள் அழியப்போகிறோம்” என்று சொன்னால்தான் உலக அவை செவிசாய்க்கிறது. “நாம் வாழ்வோம்” என்று சொன்னால்தான் ஊர் அவை உழைக்க முன்வருகிறது. ஒரே நாவால் இவ்விரண்டையும் சொல்ல வேண்டிய நிலைக்குத் தலைவரைத் தள்ளியது அவரது குறையன்று. புகை வேறிடத்தில் எழ, வெள்ளம் இங்கு வந்து சேரும் உலக ஒழுங்கின் குறை.

அவ்விரு சொற்களும் ஒன்றுபடும் வழிகள் அண்மையில் தென்படத் தொடங்கியுள்ளன. கடல் உயர்ந்து கரை பின்வாங்கினாலும் தம் கடல் எல்லைகள் மாறா என்று பசிபிக் தீவுகள் மன்றம் 2021இல் அறிவித்தது. அண்டை நாடான துவாலு 2023இல் ஆஸ்திரேலியாவோடு உடன்படிக்கை செய்தது; அதன்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கு குடியேறலாம், துவாலுவின் அரசுரிமையும் தொடர்ந்து மதிக்கப்படும். 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் வழங்கிய அறிவுரைத் தீர்ப்பு, நிறுவப்பட்ட ஓர் அரசின் கூறுகளுள் ஒன்று மறைவதால் அதன் அரசுநிலை மறைந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று கூறியது. 1933இன் வரையறை முதன்முறையாக நெகிழ்ந்துள்ளது. செல்வோர் செல்லலாம், தங்குவோர் தங்கலாம், இரு சாராருக்கும் நாடு ஒன்றே என்ற நிலை அமையுமானால் டோங்கும் மாமாவுவும் ஒரே மனேபாவில் அருகருகே அமரலாம்.

ஆட்சி என்பது கையளிக்கப்பட்ட ஓர் அமானிதம். அதனைப் பெற்ற நிலையிலேயே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது எங்கும் தலைவரின் கடமை. கிரிபாஸின் தலைவருக்கு மட்டும், அமானிதத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும் கை தம்முடையதன்று என்று தெரிந்தே அதற்குப் பொறுப்பேற்க வேண்டியுள்ளது. அந்தக் கை யாருடையது என்ற கேள்வி, மின்விளக்கின் ஒளியில் இதைப் படிக்கும் நம் ஒவ்வொருவரையும் நோக்கியது.