தரை போடுமுன் கணக்குப் போடுங்கள்

வீட்டுக்குப் புதுத் தரை போடப் போகிறீர்களா? கடைக்குப் போகுமுன் அளந்து பாருங்கள். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள கூடம் 120 சதுர அடி. வெட்டுவதற்கும் உடைவதற்கும் நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 132. சதுர அடிக்கு ஒரு வெள்ளி கூடினாலும் 132 வெள்ளி கூடும்! சிமெண்டு, மணல், கூலி வேறு.

பிளாஸ்டிக் விரிப்பு மலிவுதான். ஆனால், ஈரம் ஊறும் தரையில் நிலைக்காது. ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஓரம் விடாமல் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சமையற்கட்டுக்குச் சொரசொரப்பான டைல்ஸே நல்லது. பளபளப்பு கண்ணுக்கு அழகு. ஈரக்காலோடு வரும் பாட்டிக்கோ ஆபத்து.

பிள்ளைகளின் பள்ளிப் பணத்தில் கைவைக்காதீர்கள். இவ்வாண்டு சமையற்கட்டு, அடுத்த ஆண்டு கூடம் என்று செய்தால் கடனின்றித் தரை மாறும்.