கடல் கடந்து செல்லும் அரிசிப் பார்சல்

சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வீடு வந்து சேர்ந்ததும், அதில் ஐந்து படியேனும் கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கும் பந்துக்களுக்கும் போய்ச் சேரவேண்டுமென்று எண்ணாத குடும்பம் காவேரிப் பாசனப் பகுதியில் அரிது. இந்த ஆசை புதியதன்று. நாகப்பட்டினம் துறையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா கப்பல் 1973 வரையில் சென்று வந்தது. அதன் பின்னர் அவ்வழியே ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரி 12 ஆம் தேதி தீப்பற்றியதோடு கப்பற் பிரயாணம் ஓய்ந்தது. அக்காலத்தில் பிரயாணியின் மூட்டையோடு மூட்டையாகச் சென்ற அரிசி இப்பொழுது தபால் பார்சலாகச் செல்லவேண்டியிருக்கிறது. மூட்டையைத் தூக்கிச் செல்பவர் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லிக்கொள்ளலாம். பார்சலுக்கு வாய் இல்லை. அதன்மேல் ஒட்டிய காகிதமே அதற்காகப் பேசவேண்டும். அந்தக் காகிதத்தைச் சரியாக எழுதாமையினாலும், எந்தத் தேசத்துக்கு எதை அனுப்பலாகாது என்பதைக் கேட்டறியாமையினாலும் நல்ல அரிசியும் தபால் கூலியும் வீணாகின்றன. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, சீரகச் சம்பா முதலிய பழைய ரகங்களைச் சிறு அளவில் அயல்நாட்டில் விற்கலாமென்று முயலும் மிராசுதார்களுக்கும் இது முக்கியமான விஷயம்.

அயல்நாட்டுத் தபால் என்பது பல தேசங்கள் கூடிச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. 1874 இல் சுவிட்ஜர்லாந்திலுள்ள பெர்ன் நகரில் ஏற்பட்ட சர்வதேசத் தபால் சங்கத்தில் இந்தியா 1876 ஆம் ஆண்டிலேயே சேர்ந்துகொண்டது. அச்சங்கத்தின் விதிப்படி, சரக்கு அடங்கிய ஒவ்வொரு பொதிக்கும் சுங்கப் பிரகடனப் பத்திரம் ஒன்று எழுதித் தரவேண்டும். சிறு பொதிக்கு சி.என். 22 என்ற சீட்டும், பெரிய பார்சலுக்கு சி.என். 23 என்ற விரிவான படிவமும் வழங்குகின்றன. அவற்றில் எழுதும் விவரங்கள், பார்சல் புறப்படுமுன்னரே மின்வழியாகச் சேருமிடத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டுமென்பது 2021 ஜனவரி முதல் ஏற்பட்ட நியதி. ஆகவே அந்தத் தேசத்துச் சுங்க அதிகாரி பெட்டியைக் காணுமுன் அதன் விவரத்தைக் கண்டுவிடுகிறார்.

படிவத்தில் "பரிசு" என்றும், "வீட்டுச் சாமான்" என்றும், "உணவுப் பொருள்" என்றும் மொத்தமாக எழுதிவிடுவது பலருடைய வழக்கம். இஃது உதவாது. பண்டங்களுக்கெல்லாம் உலக முழுவதும் பொதுவான எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. அரிசிக்குரியது 1006. அதன் உட்பிரிவில் நெல்லுக்கு 1006.10, தவிடு நீக்காத அரிசிக்கு 1006.20, தீட்டிய அரிசிக்கு 1006.30, குருணைக்கு 1006.40 என்று வேறு வேறு எண்கள் உண்டு. பச்சரிசியா, புழுங்கல் அரிசியா என்பதையும் குறிக்கவேண்டும். சமையற்கட்டில் மட்டும் கவனிக்கப்படும் இந்த வேற்றுமை சுங்கத்தில் எவ்வளவு பெரியது என்பதைச் சென்ற சில ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டின.

2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதி தடுக்கப்பட்டது. நெல்லுக்கும், தவிடு நீக்காத அரிசிக்கும், பாசுமதி நீங்கலான பச்சரிசிக்கும் நூற்றுக்கு 20 வீதம் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. 2023 ஜூலை 20 ஆம் தேதி பாசுமதி நீங்கலான பச்சரிசியின் ஏற்றுமதி அடியோடு நிறுத்தப்பட்டது. அச்செய்தி பரவியவுடன் அமெரிக்காவிலுள்ள இந்தியக் கடைகளில் பொன்னி அரிசிக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். புழுங்கல் அரிசி அத்தடையில் அகப்படவில்லை; ஆனால் 2023 ஆகஸ்டு 25 முதல் அதற்கும் நூற்றுக்கு 20 வரி வந்தது. பின்னர் 2024 செப்டம்பர் இறுதியில் பச்சரிசித் தடை நீங்கியது. புழுங்கல் அரிசி வரி பாதியாகி, அக்டோபர் 22 ஆம் தேதி முழுவதும் ரத்தாயிற்று. குருணைக்கு விடுதலை கிடைத்தது 2025 மார்ச்சில். இந்த இரண்டரை வருஷத்தில் ஒருவர் வெறுமனே "அரிசி" என்று எழுதி அனுப்பியிருந்தால், அஃது அனுமதிக்கப்பட்ட பண்டமா, வரிக்குரிய பண்டமா, தடுக்கப்பட்ட பண்டமா என்பதை அதிகாரி எவ்வாறு அறிவார்? ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்ட பண்டத்தைப் பரிசு என்ற பெயராலும் அனுமதியின்றி அனுப்ப இயலாது என்பதையும் மறக்கலாகாது.

வரி இப்படி அடிக்கடி மாறும்பொழுது எந்த நாளின் விகிதம் செல்லும் என்ற கேள்வி எழுவது இயல்பு. 1962 ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 83 ஆவது பிரிவு இதற்கு விடை கூறுகிறது. தபால் மூலம் ஏற்றுமதியாகும் சரக்குக்கு, அனுப்புவோர் அதைத் தபால் அதிகாரிகளிடம் ஒப்படைத்த நாளில் அமுலிலிருந்த விகிதமே உரியது. கும்பகோணத்தில் ஒருவர் புழுங்கல் அரிசிப் பார்சலை 2023 ஆகஸ்டு 24 ஆம் தேதி ஒப்படைத்து, அது சென்னை அயல்நாட்டுத் தபால் நிலையத்துக்கு நான்கு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்திருந்தாலும், அதற்குப் புது வரி இல்லை. ஆகையால் தேதி முத்திரையுடன் கூடிய ரசீது ஒரு துண்டுக் காகிதமன்று, அதுவே சாட்சி.

மேலே சொன்னவை இந்தியக் கரையைக் கடக்கும்வரை உள்ள விஷயங்கள். அக்கரையில் விதிக்கும் இறக்குமதி வரி வேறு. அதைச் சாதாரணமாகப் பெறுபவரே செலுத்தவேண்டும். தபால் கூலியில் அது சேர்ந்ததன்று. சிங்கப்பூரில் 2024 ஜனவரி 1 முதல் பொருள் சேவை வரி நூற்றுக்கு 9 ஆக இருக்கிறது. அங்கே தபாலில் வரும் பொதிக்கு 400 சிங்கப்பூர் வெள்ளி மதிப்பு வரையில் இறக்குமதியில் சலுகை உண்டு. மதிப்பு என்பது பொருளின் விலை மட்டுமன்று, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகை. அரிசியைப் பொறுத்தமட்டில் தபால் கூலியே விலையைப் போலப் பன்மடங்காகிவிடுவதால், இந்தக் கணக்கைத் தெரியாதவர்கள் ஏமாந்து போகிறார்கள். மேலும் சிங்கப்பூரில் விற்பனைக்கு அரிசி இறக்குவோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மலேசியாவில் அரிசி இறக்குமதி 1996 முதல் பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்தின் வசம் இருக்கிறது. விற்பனை நோக்கமுள்ளவர்கள் அங்குள்ள உரிமம் பெற்ற வியாபாரியோடு முதலில் பேசி முடித்துக்கொள்ளாமல் மூட்டை கட்டுவதில் பிரயோஜனமில்லை.

அமெரிக்காவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 800 டாலர் மதிப்புவரை வரியின்றி விட்டுவந்த அத்தேசம் 2025 ஆகஸ்டு 29 முதல் அச்சலுகையை எடுத்துவிட்டது. வரியை யார் வசூலிப்பது, எவ்விதம் செலுத்துவது என்ற ஏற்பாடு தெளிவாகாமையால், இந்தியத் தபால் இலாகா ஆகஸ்டு 25 முதலே அங்கு செல்லும் சரக்குப் பொதிகளை ஏற்பதை நிறுத்திற்று. அக்டோபர் 15 ஆம் தேதி மீண்டும் தொடங்கியபொழுது, குறித்த மதிப்பில் நூற்றுக்கு 50 வீதம் வரியை அனுப்புபவரிடமே முன்னதாக வாங்கிக்கொள்ளும் முறை வந்தது. பெறுபவர் செலுத்துவார் என்னும் பழைய நம்பிக்கை இங்கே செல்லவில்லை. இத்தகைய விகிதங்கள் ஓர் உத்தரவினால் மாறக்கூடியவை. சென்ற மாதம் அண்டை வீட்டார் கொடுத்த தொகையை நம்பாமல், அனுப்பும் நாளன்றே தபால் நிலையத்தில் விசாரிப்பது நலம்.

வரியைக் கட்டிவிட்டாலும் அமெரிக்காவுக்கு வீட்டு அரிசி போய்ச் சேராது. அதற்குக் காரணம் பணமன்று, ஒரு வண்டு. கப்ரா வண்டு என்பது நமது நாட்டுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சேமிப்புத் தானியப் பூச்சி. வளர்ந்த வண்டு பறக்காது. தானியத்தைத் தின்பது மயிரடர்ந்த அதன் புழு. சாக்கின் தையலிலும் பெட்டியின் இடுக்கிலும் அப்புழு ஒடுங்கிக் கிடந்து, இரையில்லாமலே பல மாதம் உயிர் வாழும். 1953 இல் அது கலிபோர்னியாவில் காணப்பட்டது. கிடங்கு கிடங்காகக் கூடாரம் மூடி நச்சுப் புகையிட்டு 1966 இல் ஒழித்து முடிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் செலவாயிற்று. பட்ட அனுபவத்தினால் அவ்வரசாங்கம், இவ்வண்டு உள்ள தேசங்களிலிருந்து வியாபாரத்துக்கல்லாத அரிசி தபாலிலோ பிரயாணியின் பெட்டியிலோ வருவதை 2011 ஜூலை முதல் தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவும் 2020 இல் இவ்வகையான தடையை விதித்தது. உஷ்ணமும் வறட்சியும் மிகுந்த இடங்களையே அவ்வண்டு விரும்பும். காவேரிக் கரை வீடுகளில் அரிசி வண்டும் அந்துப்பூச்சியும் செய்யும் சேதமே அதிகம். "எங்கள் குதிரில் அந்த வண்டே இல்லை" என்று விவசாயி சொல்வது நியாயமே. ஆயினும் தடை தேசத்தைப் பார்த்து விதிக்கப்படுகிறதேயன்றி, குதிரைப் பார்த்து அன்று. அத்தகைய பார்சலைச் சேருமிடத்தில் அழித்துவிடுவார்கள். மருமகள் கைக்கு வருவது ஒரு அறிவிப்புக் கடிதம் மட்டுமே.

இதே காரணத்தினால் கட்டுமானத்திலும் ஜாக்கிரதை வேண்டும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கையோ தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையையோ அனுப்புவதில் பூச்சித் தடை கிடையாது. ஆனால் அதை உடையாமலிருக்க நம் வீட்டு வைக்கோலில் பொதிந்துவிட்டால், விளக்குக்கு இல்லாத தடை வைக்கோலுக்கு வந்து பார்சல் நின்றுவிடும். காகிதமும் அட்டையுமே தகுந்தவை.

விற்பனைக்காக முறைப்படி அனுப்ப விரும்புவோர் முதலில் ஏற்றுமதி இறக்குமதி எண்ணைப் பெறவேண்டும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். 2022 இல் தபால் இலாகா தொடங்கிய ஏற்றுமதி மையங்களில், தபால் ஏற்றுமதிப் பட்டியலை மின்வழியில் தாக்கல் செய்ய உதவுகிறார்கள். சென்னைக்கு நேரில் அலைய வேண்டுவதில்லை. சேரும் தேசம் கேட்குமாயின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இதனைச் சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் உள்ள மத்திய சர்க்காரின் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையங்களில் பெறலாம். சான்றிதழின் தேதிக்குப் பிறகு மூட்டையைப் பிரித்து வேறு அரிசி கலப்பது, சான்றிதழ் இல்லாமைக்குச் சமம்.

அயல்நாட்டிலிருந்து இங்கு வரும் பொதிகளில் விதை இருந்தால் விஷயம் இன்னும் கடுமையானது. கேட்காமலே தபாலில் வந்த விதைப் பொட்டலங்களைப் பற்றி 2020 ஆகஸ்டில் மத்திய விவசாய மந்திரி இலாகா எச்சரிக்கை விடுத்தது. விதையும் நாற்றும் 2003 ஆம் வருஷத்து உத்தரவின்படி இறக்குமதி அனுமதி பெற்றே வரவேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன் கொடுத்த பப்பாளி விதையைக் கொல்லையில் ஊன்றினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், 2008 இல் கோயமுத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பூச்சியாகிய அது பப்பாளியோடு நில்லாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டியது. மருந்தடித்து மாளவில்லை. முடிவில் 2010 இல் போர்ட்டோரீகோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை அனுமதியோடு வரவழைத்து, பரிசோதனை செய்து, வயல்களில் விட்ட பின்னரே அது அடங்கிற்று. அந்தக் குளவியும் கடல் கடந்து வந்த பொதிதான். உரிய காகிதத்தோடு வந்தது என்பதே வித்தியாசம்.

வரும் பார்சலின்மேல் "பரிசு" என்று எழுதியிருந்தால் வரி விழாது என்ற நம்பிக்கை இன்னும் கிராமங்களில் நிலவுகிறது. அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு முடிந்தது. ராக்கி, உயிர் காக்கும் மருந்து போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. வரியும் தபால்காரர் கேட்கும் தொகையும் எவ்வளவு என்பதை அவர் தரும் சீட்டில் பார்த்தே கொடுக்கவேண்டும். பார்சல் சுங்கத்தில் நிற்பதாகக் கூறித் தொலைபேசியில் பணம் கேட்பவர்களுக்கு ஒரு காசும் அனுப்பலாகாது. கிராம நிர்வாக அலுவலர்கள் இதை ஊரில் எடுத்துச் சொல்வது உபகாரமாக இருக்கும்.

அனுப்பிய பார்சல் போய்ச் சேரவில்லையென்றால், ஒப்படைத்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை மனுக் கொடுக்கவேண்டும். மனுவோடு ரசீதின் எண்ணையும் சுங்கப் படிவத்தின் நகலையும் காட்டவேண்டியிருக்கும். சேர்க்க முடியாவிட்டால் திருப்பி அனுப்பவேண்டுமா, கைவிட்டுவிடலாமா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. திருப்பி அனுப்பும் கூலி அனுப்பியவருடைய பொறுப்பு. பத்துக் கிலோ அரிசிக்கு அந்தக் கூலி தாங்குமா என்று பார்த்து அக்கட்டத்தில் குறியிட வேண்டும்.