எல்.எல்.எம். சேர்வதற்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

ஒரகடத்தில் ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவாக இருக்கும் நம்ம சந்தாதாரர் ஒருத்தர் கேட்டார்: "எல்.எல்.பி. முடிச்சிட்டேன் சார். வேலையை விட்டுட்டு லேபர் லாவுல எல்.எல்.எம். பண்ணலாமா?"

துறை நல்ல துறைதான். 2024 செப்டம்பர் 9-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் 37 நாள் ஓடியது. சம்பளத்தோடு சேர்ந்து பெரிய சிக்கலா நின்றது சங்கப் பதிவு. அது அப்போ 1926-ம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்துல வந்த விஷயம். ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. 2025 நவம்பர் 21-ல் இருந்து 29 பழைய சட்டங்களுக்குப் பதிலா 4 சட்டத் தொகுப்புகள் வந்தாச்சு. விஷயம் தெரிஞ்ச ஆளுக்குத் தேவை இருக்கு.

ஆனா, செலவு?

மாதச் சம்பளம் 40,000 ரூபாய்னு வைங்க. 2 வருஷ ரெகுலர் எல்.எல்.எம்.முக்காக வேலையை விட்டா, இழப்பு 9,60,000. ஃபீஸ் தனி. படிப்புக்கு அப்புறம் மாதம் 10,000 கூடுதலா வந்தாலும், போட்டதை எடுக்க 8 வருஷம் ஆகும்! கல்விக் கடன் வட்டிக்கான வரிக் கழிவும் பழைய வரி முறையில் மட்டும்தான்.

எல்.எல்.எம். எதுக்கு வேணும்?

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தணும்னா அவசியம். வக்கீலா நிற்க எல்.எல்.பி., பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு போதும்.

இன்னொரு முக்கியமான பாயின்ட்: தொழில் தகராறில் சமரச அதிகாரி முன்னால் வக்கீல் ஆஜராக முடியாது. தீர்ப்பாயத்தில்கூட எதிர்த்தரப்பு சம்மதமும் தீர்ப்பாய அனுமதியும் வேணும். அதனால முதல் சுற்றில் மேஜையில் உட்காருவது ஹெச்.ஆரும் சங்கத்துக்காரரும்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

அம்பத்தூரில் இருக்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் அரசு நிறுவனம். அங்கே தொழிலாளர் சட்டத்துக்கு வார இறுதி டிப்ளமோ இருக்கு. சம்பளம் நிற்காது. அதோட, தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்ற வரம்பு, புதிய தொகுப்பில் 500 தொழிலாளரிலிருந்து 250-ஆகக் குறைஞ்சிருக்கு. அந்த வேலைதான் குறின்னா, எந்தப் படிப்பை ஏத்துக்கிறாங்கன்னு விதியைப் பார்த்துட்டு சேருங்க.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: முதல்ல டிப்ளமோ, வேலையை விடாம. வாத்தியார் ஆசை உறுதியா இருந்தா, 2 வருஷ வீட்டுச் செலவைச் சேர்த்து வைச்சுட்டு எல்.எல்.எம். போங்க. பட்டம் காத்திருக்கும், இ.எம்.ஐ. காத்திருக்காது!