களத்தில் நின்றவர்கள் – 11: பதக்கத்துக்குப் பதில் பொம்மை

1966 செப்டம்பர் தொடக்கம். தென் வியட்நாமின் ஃபுவோக் துய் மாகாணத்தில் நுய் தாத் என்ற இடத்தில் ஆஸ்திரேலியப் படை முகாம். ஆறாவது பட்டாலியனின் டி கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தன் நாட்டு வீரப் பதக்கங்களைக் குத்திவிட தென் வியட்நாம் அரசு முன்வந்திருந்தது. கடைசி நேரத்தில் ஆஸ்திரேலிய அரசிடமிருந்து தடை வந்துவிட்டது. பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் பணிபுரிகிறவர்கள் அந்நிய நாட்டு விருதை அனுமதியில்லாமல் ஏற்கக் கூடாது, அந்த அனுமதியும் கிடையாது என்பது காரணம். பதக்கங்கள் கொடுக்கப்படவில்லை. வந்தவர்கள் வேறு பரிசுகளைக் கொடுத்தார்கள். அதிகாரிகளுக்கு அரக்கு மெருகேற்றிய சுருட்டுப் பெட்டி. சார்ஜென்ட், கார்ப்பொரல்களுக்கு சிகரெட் பெட்டி. சாதாரண சிப்பாய்களுக்கு, வியட்நாமியப் பாரம்பரிய உடை உடுத்திய பொம்மை.

பொம்மையைக் கையில் வாங்கியவர்களில் பலருக்கு வயது இருபது, இருபத்தொன்று. அந்தக் கம்பெனியின் பதினேழு பேர் இரண்டு வாரத்துக்கு முன்புதான் செத்துப்போயிருந்தார்கள்.

லாங் தான் சண்டையைப் பற்றிச் சென்ற வாரமே எழுதிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஆகஸ்ட் 18 பிற்பகல், முகாமுக்குக் கிழக்கே இருந்த ரப்பர்த் தோட்டத்துக்குள் 105 ஆஸ்திரேலியர்களும் 3 நியூசிலாந்துக்காரர்களும் நுழைந்தார்கள். தலைவர் மேஜர் ஹாரி ஸ்மித், வயது 33. மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்த போரில் ஏற்கெனவே இருந்தவர்.  தோட்டத்தில் வரிசை வரிசையாக ஒரே இடைவெளியில் நிற்கும் மரங்கள். ஒளிவதற்குப் புதர் இல்லை, பள்ளம் இல்லை.

அங்கே அவர்களைவிடப் பல மடங்கு பெரிய கம்யூனிஸ்ட் வியட்நாமியப் படை எதிர்ப்பட்டது. சற்று நேரத்தில் பருவமழை கொட்டத் தொடங்கியது. முன்னால் போன 11-வது பிளட்டூன் தனியாகச் சிக்கிக்கொண்டது. அதன் தலைவர் கார்டன் ஷார்ப் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறந்தார். அவர் குலுக்கல் முறையில் படைக்கு எடுக்கப்பட்டவர். பிறந்த தேதிகளைக் குறிக்கும் கோலிகளை உருளையில் போட்டுச் சுற்றி எடுப்பார்கள், வருகிற தேதியில் பிறந்த இளைஞனுக்கு அழைப்பாணை போகும். அப்படி வந்தவர்கள் அந்தக் கம்பெனியில் நிறையப் பேர். நுய் தாத்திலிருந்து 24 பீரங்கிகள் விடாமல் சுட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் அந்தத் தோட்டத்தில் விழுந்தன. தோட்டா தீரப்போகிற நேரத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மரங்களின் உச்சியை உரசுகிற உயரத்தில் வந்து, கம்பளியில் சுற்றிய தோட்டாப் பெட்டிகளைத் தள்ளிவிட்டுப் போயின. கம்பெனி சார்ஜென்ட் மேஜர் ஜாக் கிர்பி அவற்றை எடுத்துக்கொண்டு, குண்டு பறக்கும் வெளியில் ஆள் ஆளாகப் போய்க் கொடுத்தார். இருட்டுகிற நேரத்துக்கு லெப்டினன்ட் ஏட்ரியன் ராபர்ட்ஸின் கவச வண்டிகள் வந்து சேர்ந்தன. சண்டை முடிந்தது. ஆஸ்திரேலியத் தரப்பில் 18 பேர் பலி, 24 பேர் காயம். மறுநாள் காலை தோட்டத்துக்குள் போனவர்கள், இறந்திருப்பார்கள் என்று நினைத்த இருவர் காயத்தோடு உயிருடன் கிடந்ததைக் கண்டார்கள். எதிர்த்தரப்பில் எண்ணப்பட்ட உடல்கள் 245.

இந்த வாரம் நான் எழுதப்போவது அதற்குப் பிறகு நடந்த, ஐம்பது ஆண்டுகள் நீண்ட இன்னொரு சண்டையைப் பற்றி. அது காகிதத்தில் நடந்தது.

ஒரு சிப்பாய்க்கு வீரப் பதக்கம் எப்படிக் கிடைக்கிறது? களத்தில் அவனைப் பார்த்த அதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். அது பட்டாலியன் தலைமைக்குப் போகும், அங்கிருந்து படைத்தொகுதி பிரிகேடியருக்கு, சைகோனில் இருந்த தலைமையகத்துக்கு, கான்பெராவுக்கு. அக்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கெனத் தனி விருதுகள் கிடையாது. எல்லாம் பிரிட்டிஷ் விருதுகள்தான், கடைசி ஒப்புதல் லண்டனில் அரசியிடம். இத்தனை மேஜைகளில் எந்த மேஜையிலும் விருதைக் குறைக்கலாம், அடித்தும்விடலாம். அதற்கு மேல் ஒதுக்கீடு என்று ஒன்று இருந்தது. இத்தனை பேர் களத்தில் இருந்தால், இத்தனை மாதத்துக்கு இத்தனை பதக்கம் என்று கணக்கு. ஒரே மாலையில் நூறு பேர் அசாதாரணமாக நின்றார்கள் என்றால் அந்தக் கணக்கு என்ன செய்யும்?

என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்மித்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது டி.எஸ்.ஓ. என்ற உயர் விருது, வந்தது மிலிட்டரி கிராஸ். அவருடைய பிளட்டூன் தலைவர்கள் டேவிட் சாபென், ஜெஃப் கெண்டல் இருவருக்கும் அவர் மிலிட்டரி கிராஸ் கேட்டிருந்தார். கிடைத்தது, போர் அறிக்கையில் பெயர் இடம்பெறும் கௌரவம் மட்டும். அதற்குத் தனிப் பதக்கம் கிடையாது. போரில் கலந்துகொண்ட எல்லோருக்கும் தரும் பதக்கத்தின் நாடாவில், ஓக் இலை வடிவில் ஒரு சிறு வெண்கலத் துண்டைக் குத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்னும் பலருக்கு அந்த இலைகூட இல்லை. கிர்பிக்கு டி.சி.எம். என்ற பதக்கம் கிடைத்தது. ஆனால் 1967 பிப்ரவரியில், தன் தரப்புப் பீரங்கிக் குண்டு தவறி விழுந்து அவர் இறந்துபோனார்.

அதே சண்டையை ஒட்டி பட்டாலியன் தலைவருக்கும் பிரிகேடியருக்கும் டி.எஸ்.ஓ. வந்தது. ஸ்மித்துக்கு இது கடைசிவரை ஆறவேயில்லை. பிரிகேடியர் அந்த மாலை முகாமில் இருந்தார், பட்டாலியன் தலைவர் கவச வண்டிகளோடு வந்து சேர்ந்தபோது சண்டை முடிகிற கட்டம். களத்தில் படுத்திருந்தவனுக்கு இலை, மேலே இருந்தவருக்குப் பதக்கமா என்று அவர் பகிரங்கமாகவே கேட்டார், புத்தகத்திலும் எழுதினார். மேலதிகாரிகளுக்கு அவர்களுடைய பொறுப்புக்காக விருது தருவது ராணுவ வழக்கம்தான். அவர்கள்மீது ஸ்மித் வீசிய சொற்களில் கடுமை கூடுதல் என்று சொல்பவர்கள் அவருடைய பழைய சகாக்களிலேயே உண்டு. எனக்கும் சில இடங்களில் அப்படித்தான் படுகிறது. ஆனால் அவருடைய கேள்வியின் அடிப்படை சரியானது.

அந்நிய விருது விஷயத்துக்கு வருவோம். தென் வியட்நாமின் பதக்கத்தை ஏற்கக் கூடாது என்ற அதே அரசு, 1968இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் டி கம்பெனிக்கு அளித்த அதிபர் படைப்பிரிவு விருதை ஏற்றுக்கொண்டது. அதன் நீலப் பட்டையைச் சிப்பாய்கள் சீருடையில் அணிந்தார்கள். அது படைப்பிரிவுக்கானது, இது தனி ஆளுக்கானது என்று விதியில் வேறுபாடு காட்டலாம். பொம்மை வாங்கியவனிடம் போய் அந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஸ்மித் 1976இல் ராணுவத்தை விட்டார். முப்பது ஆண்டு ரகசியக் காலம் முடிந்து 1990களில் பழைய கோப்புகள் திறக்கப்பட்ட பிறகுதான், யாருக்கு எது குறைக்கப்பட்டது, எது காணாமல் போனது என்பது அவருக்குத் துலங்கத் தொடங்கியது. அன்று முதல் மனுமேல் மனு. பாதுகாப்புத் துறைக்கு, அமைச்சர்களுக்கு, விசாரணைக் குழுக்களுக்கு. வந்த பதில்களின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆதாரம் கொண்டுவாருங்கள். களத்திலிருந்து அவர் எழுதிய மூலப் பரிந்துரைத் தாள்கள் பலவும் கிடைக்கவில்லை. தென் வியட்நாம் பதக்கங்களுக்கோ அந்த நாட்டு அரசே சாட்சி சொல்ல வேண்டும். அந்த அரசு 1975 ஏப்ரல் 30 அன்று சைகோனோடு வீழ்ந்துவிட்டது. இல்லாத நாட்டிடம் எந்த அலுவலகத்தில் போய்ச் சான்று வாங்குவது?

மறுத்தவர்கள் எல்லோரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. அவர்களுடைய கவலை நியாயமானது. முப்பது, நாற்பது வருடம் கழித்து நினைவிலிருந்து ஒரு தளபதி சொல்வதை வைத்து விருது கொடுத்தால், தளபதி இறந்துபோன கம்பெனிகளின் கதி என்ன? லாங் தானுக்குத் திறந்த கதவை மற்ற சண்டைகளுக்கு எப்படி மூடுவது? இப்படிக் கேட்டவர்களில் முன்னாள் ராணுவத்தினரும் இருந்தார்கள். பின்னால் அந்தக் கதவு திறக்கத்தான் செய்தது. 1968இல் வியட்நாமின் கோரல், பால்மோரல் தளங்களைக் காத்து நின்ற படைப்பிரிவுகளுக்கு 2018இல் வீரத்துக்கான படைப்பிரிவு விருது கிடைத்தது. அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்பதுதான் என் பதில்.

2008இல் ஒரு பெரிய அசைவு. மறு ஆய்வுக்குப் பிறகு ஸ்மித்துக்கு வீர நட்சத்திரம் கிடைத்தது. ஆஸ்திரேலியா 1991இல் தனக்கென ஏற்படுத்திக்கொண்ட வீர விருதுகளில் விக்டோரியா கிராஸுக்கு அடுத்த படி அது. சாபெனுக்கும் கெண்டலுக்கும் வீரப் பதக்கம். தென் வியட்நாம் அளித்த படைப்பிரிவு கௌரவத்தை டி கம்பெனி அணியவும் அனுமதி வந்தது. 2011 ஆகஸ்ட் 18 அன்று, பிரிஸ்பேனின் எனோகெரா முகாமில், ஆஸ்திரேலியாவின் சொந்தப் படைப்பிரிவு விருதும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் ஹாரி ஸ்மித் என்ற மனிதர்மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. 2008இல் அவருக்கு வயது 75. அவருக்குச் சேர வேண்டியது வந்துவிட்டது, அவருடைய இரண்டு லெப்டினன்ட்களுக்கும் வந்துவிட்டது. இனி படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கலாம், பாய்மரப் படகில் போவது அவருக்குப் பிடித்தமான ஒன்று. அவர் போகவில்லை. சார்ஜென்ட், கார்ப்பொரல், சிப்பாய் என்று கீழே நின்றவர்களின் பெயர்கள் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. 2009இல் பாதுகாப்பு விருதுகள் தீர்ப்பாயம் தனிநபர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. அவர் மறுபடி போனார். சாட்சி சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே வாக்குமூலம் வாங்கினார். கம்பெனியில் யார் எந்த மரத்தடியில் இருந்தான், யார் எந்தப் பக்கம் ஓடினான் என்று தளபதி ஒருவர் எண்பது வயதில் எழுதிக்கொடுப்பது வெறும் நினைவுப் பயிற்சியல்ல. அன்று கையெழுத்திட்டு மேலே அனுப்பிய பரிந்துரை என் வாக்கு, அதை நீங்கள் வெட்டியதால் வெட்டப்பட்டது என் வாக்கு என்று அவர் நினைத்தார் என்றே நான் படிக்கிறேன். தன் ஆட்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டிய கடன் தளபதியுடையது. தர மறுத்தது அரசு என்றாலும் கடனாளி தான்தான் என்று எண்ணுகிற தளபதிகள் எல்லாக் காலத்திலும் குறைவு.

2016இல் தீர்ப்பாயம் 13 பேரின் விவரங்களை மறுபடி எடுத்துப் பார்த்து, பத்துப் பேருக்கு விருது வழங்கப் பரிந்துரைத்தது. அந்த நவம்பரில் கான்பெரா அரசு மாளிகையில் கவர்னர் ஜெனரல் பீட்டர் காஸ்க்ரோவ் அவற்றை வழங்கினார். அவரும் வியட்நாமில் இளம் லெப்டினன்டாகப் போரிட்டு மிலிட்டரி கிராஸ் பெற்றவர். சண்டை நடந்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இருபது வயதில் நின்றவனுக்கு எழுபதில் வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. ஐம்பதாம் ஆண்டு நினைவுகூரலுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் வியட்நாம் போய்ச் சேர்ந்த பிறகு, லாங் தான் நினைவுச் சிலுவையருகே நடக்கவிருந்த நிகழ்ச்சியை வியட்நாம் அரசு முந்தைய நாள் ரத்துசெய்தது. பிறகு சிறு சிறு குழுக்களாக அமைதியாகப் போய்வர மட்டும் அனுமதித்தது. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கொதித்தன. எனக்கு அதில் கோபம் வரவில்லை. அந்த 245 உடல்களும் அந்த மண்ணின் பிள்ளைகள். அவர்களைக் கொன்ற சண்டையை அவர்கள் ஊரிலேயே விழாவாக்குவதை அந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பதையும், ஸ்மித்தின் போராட்டத்தை மதிக்கிற நாம் யோசிக்க வேண்டும்.

தீர்ப்பாயம் எடுத்துப் பார்த்த 13 பேரில் மூவருக்குக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஹாரி ஸ்மித் 2023 ஆகஸ்டில், 90-வது வயதில் காலமானார்.

லாங் தான்காரர்களுக்காவது கேட்க ஆள் இருந்தது. அடுத்த வாரம் பார்க்கப்போகும் டெடி ஷீன், 1942 டிசம்பர் 1 அன்று திமோர் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் பீரங்கியோடு தன்னைக் கட்டிக்கொண்டு சுட்டபடியே இறந்த 18 வயது மாலுமி. அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்க 78 ஆண்டுகள் ஆயின. அதிலும் கடைசிக் கட்டத்தில் தீர்ப்பாயம் சரியென்று சொன்னதை அரசு மறுத்துவிட்டுப் பின்பு இறங்கிவந்தது.

(தொடரும்)