பசியும் வேடிக்கையும்

இரவு பத்து மணிக்குக் கையில் எடுத்த புஸ்தகத்தைக் கீழே வைத்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. இந்த வயதில் நமக்கு இது நேருமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. புஸ்தகமோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டது. உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, "படித்துப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள், தாத்தா" என்று அதை நமது மேஜைமேல் வைத்துச் சென்றாள். குறை சொல்லும் நோக்கத்துடனேயே நாமும் அதைத் திறந்தோம்.

அமெரிக்க ஆசிரியையாகிய ஸ்ரீமதி சுஸான் காலின்ஸ் 2008-ம் வருஷத்தில் வெளியிட்ட "ஹங்கர் கேம்ஸ்", அதாவது "பசி விளையாட்டுகள்", என்னும் நாவலே அது. வட அமெரிக்கா அழிந்துபோன பின்னர் அவ்விடத்தில் எழும் பானெம் என்ற ராஜ்யத்தில் கதை நடக்கிறது. பானெம் என்பது ரொட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். ரொட்டியையும் வேடிக்கையையும் கொடுத்து ஜனங்களின் வாயை அடைத்த பழைய ரோமாபுரியை நினைத்தே ஆசிரியை இப்பெயரைச் சூட்டினார். காபிடோல் என்னும் தலைநகரம் கொழுத்திருக்க, அதற்கு உழைத்துக் கொட்டும் 12 ஜில்லாக்களும் மெலிந்து கிடக்கின்றன. முன்னொரு காலத்தில் கலகம் செய்து தோற்றதற்குத் தண்டனையாக, வருஷந்தோறும் ஒவ்வொரு ஜில்லாவும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் சீட்டுக் குலுக்கி அனுப்ப வேண்டும். இந்த 24 பேரும், ஒருவர் மட்டும் மிஞ்சும் வரையில், ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். அதை ராஜ்யம் முழுவதும் டெலிவிஷனில் பார்த்தாக வேண்டும். டெலிவிஷனில் ஒரு பக்கம் போட்டி விளையாட்டும் மறு பக்கம் ஈராக் யுத்தமும் மாறி மாறித் தோன்றக் கண்டபோது இக்கதை தம் மனத்தில் கருக்கொண்டதாக ஆசிரியையே கூறியிருக்கிறார்.

கொடுங்கோலர்களைப் பற்றிய கதைகள் எத்தனையோ உண்டு. இதையும் அவற்றோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருப்போம். நம்மைத் தள்ளவிடாமல் பிடித்து நிறுத்தியது சீட்டுக் கணக்குத்தான். பன்னிரண்டாம் வயதில் ஒரு பிள்ளையின் பெயர் ஒரு சீட்டில் எழுதப்படும்; பிறகு வருஷத்துக்கு ஒரு சீட்டு கூடும். இதில் ஏழை பணக்காரன் என்ற பேதமில்லை. ஆனால் வீட்டில் தானியம் இல்லாத பிள்ளை, மேற்கொண்டு ஒரு சீட்டில் தன் பெயரை எழுதிக் கொடுக்குமானால், ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு அரைவயிறு நிரம்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் இப்படி எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த சீட்டு அடுத்த வருஷமும் கழியாது. கதாநாயகி காட்னிஸின் தகப்பனார் நிலக்கரிச் சுரங்க விபத்தில் மாண்டவர். தாய்க்கும் தங்கைக்கும் தனக்குமாக வருஷந்தோறும் எழுதிக் கொடுத்த அப்பெண்ணுக்குப் பதினாறாம் வயதில் 20 சீட்டுகள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைத் தாங்கும் அவள் தோழன் கேலுக்கோ, பதினெட்டாம் வயதில் 42!

ஏழைப் பிள்ளைகளையே பிடித்துக்கொண்டு வா என்று இந்த ராஜ்யத்தில் எவரும் உத்தரவிடவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உத்தரவுக்கு அவசியமே இல்லை; அந்த வேலையைப் பசி பார்த்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, 42 சீட்டுக்காரன் தன் கோபத்தைத் தலைநகரத்தின்மேல் காட்டாமல், அடுத்த தெருவிலுள்ள ஐந்து சீட்டுக்காரிமேல் காட்டுகிறான். பக்கம் பக்கமாகப் பொருளாதாரம் எழுதியும் நம்மால் விளக்க முடியாததை ஆசிரியை ஒரு பிள்ளையின் கூட்டல் கணக்கில் விளக்கிவிட்டார்.

குலுக்கலில் வந்த பெயர் தங்கை பிரிமினுடையது. பன்னிரண்டு வயதுக் குழந்தை, ஒரே சீட்டு. தங்கைக்குப் பதிலாகக் காட்னிஸ் தானே முன்வருகிறாள். அதன் பிறகு நமக்கு உறக்கமில்லை. ஸ்ரீமதி காலின்ஸ் முன்னரே குழந்தைகளுக்கான டெலிவிஷன் நாடகங்கள் எழுதிக் கை தேர்ந்தவர். ஒவ்வோர் அத்தியாயத்தையும் மூச்சு நின்றுபோகும் இடத்தில் வெட்டுகிறார். கதையையும் காட்னிஸே அந்தந்தக் கணத்தில் சொல்லிக்கொண்டு போகிறாள். ஆகையால் அவள் பிழைப்பாளா என்பது நமக்கும் தெரியாது. (இடையிலே வரும் காதல் விவகாரத்தை நாம் வேகமாகப் புரட்டினோம். சிறுமி க்ஷமிப்பாளாக.)

ஓரிடத்தில் எதிரிகள் மரத்தடியில் உறங்க, மேலே ஒளிந்திருக்கும் காட்னிஸ், விஷக் குளவிகளின் கூடு தொங்கும் கிளையை அறுத்துத் தள்ளுகிறாள். இரண்டு பெண்கள் மாண்டு போகிறார்கள். அவர்களில் ஒருத்தியிடமிருந்த வில் காட்னிஸின் கைக்கு வருகிறது. நாம் மேஜையைத் தட்டி, "பேஷ்!" என்றோம். சொல்லி முடிப்பதற்குள் வெட்கம் வந்துவிட்டது. செத்தவளும் சாவதற்கென்று அனுப்பப்பட்ட ஒரு சிறுமிதானே? காபிடோல் நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் அதே நிமிஷத்தில் அல்லவா கரகோஷம் செய்திருப்பார்கள்? அதுகாறும் அவர்களை வெறுத்துக்கொண்டே, அவர்கள் வரிசையில்தான் நாமும் உட்கார்ந்திருந்தோம். 2013-ம் வருஷத்தில், இரண்டாம் பாகத்தின் சினிமா வெளியானபோது, அமெரிக்க அலங்காரச் சாமான் கம்பெனி ஒன்று அதே காபிடோலின் பெயரால் முகப்பூச்சுகள் விற்றது. அதை எண்ணி நகைக்கும் யோக்கியதை நமக்கு உண்டா என்பது சந்தேகமே.

ஆனால் கதையிலேயே வேறுவிதமான பார்வையாளர்களும் இருக்கிறார்கள். தங்கைக்காகக் காட்னிஸ் மேடையேறியதும், கை தட்டுங்கள் என்று அதிகாரி கேட்கிறாள். பன்னிரண்டாவது ஜில்லாவின் சுரங்கத் தொழிலாளிகளில் ஒருவரும் தட்டவில்லை. இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து, பிறகு அவளை நோக்கி நீட்டுகிறார்கள். நேசித்தவருக்கு விடைகொடுக்கும் பழைய வழக்கம் அது.

கதை படித்துப் பிள்ளைகள் கிறங்கிப் போகிறார்களே என்று நாமே பல முறை எழுதியிருக்கிறோம். 2014 மே மாதத்தில் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அத்தேசத்து இளைஞர்கள் வீதியில் நின்று இந்த மூன்று விரல்களைத்தான் உயர்த்தினார்கள். நவம்பரில் பிரதம மந்திரியாகிவிட்ட ராணுவத் தலைவர் பிரயுத் சான் ஓச்சாவின் முன்னிலையில் விரல் உயர்த்திய மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பாங்காக் நகரத்துக் கொட்டகைக்காரர் ஒருவர் அப்போது வெளிவந்த மூன்றாவது சினிமாவைக் காட்டாமல் நிறுத்திக்கொண்டார். 2021 பிப்ரவரி முதல் தேதி மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்களும் நர்ஸுகளும் அவ்வாறே விரல் உயர்த்தினார்கள். அந்த மாதம் 26-ந் தேதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் அந்நாட்டுப் பிரதிநிதி கியா மோ டுன், ராணுவத்துக்கு எதிராகப் பேசிவிட்டு, சபையோர் முன்னிலையில் மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாளே அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதாக ராணுவத்தார் அறிவித்தார்கள்.

இரண்டாம் பாகத்தைச் சிறுமி இன்று மாலை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.