முகம் உண்டு, பெயர் இல்லை: இருளரும் காலனியக் கேமராவும்

பழங்குடியினர் சான்றிதழ் கோரும் இருளர் மாணவரிடம், "எலி பிடிப்பீர்களா, பாம்பு பிடிப்பீர்களா" என்று கேட்பது திண்டிவனம் வட்டாரத்தில் களப்பணி செய்வோருக்குப் புதிய செய்தியன்று. பேன்ட் சட்டையுடன் கல்லூரி செல்லும் இளைஞர், கேட்பவரின் மனத்திலுள்ள படத்துக்குப் பொருந்துவதில்லை. அந்தப் படத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

1868 முதல் 1875 வரை பிரிட்டிஷ் அரசு 'இந்திய மக்கள்' என்ற புகைப்படத் தொகுப்பை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. 1869இல் லாம்ப்ரே என்பவர், கட்டங்கள் கொண்ட திரைக்கு முன் மனிதரை நிறுத்திப் படமெடுத்து உடலை அளக்கும் முறையை முன்வைத்தார். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் கேமராவுமாகச் சாதிகளையும் பழங்குடிகளையும் வகைப்படுத்தினார். ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், நீலகிரி இருளருடன் செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு இருளரும் இடம்பெற்றனர். திண்டிவனம் அன்று தென் ஆற்காட்டில் இருந்தது. இத்தகைய படங்களின் கீழ் பெரும்பாலும் இனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். நிற்பவர் யார், எந்த ஊர், யாருடைய மகள் என்பது பதிவாகவில்லை.

ஆஸ்திரேலியத் தொல்குடிக் கலைஞர்கள் இவ்வகைப் படங்களைத் தமதாக்கிக் கொண்டனர். முன்பு ஃப்ரேசர் தீவு எனப்பட்டு 2023இல் தன் பழம்பெயரை மீட்ட தீவின் பட்ஜாலா மக்களைச் சேர்ந்தவர் ஃபியோனா ஃபோலி. காலனியக் காலப் படமொன்றில் பெயரின்றி நின்ற தம் இனப் பெண்ணின் தோற்றத்தில் 1994இல் தாமே கேமரா முன் நின்றார். நம் பக்கத்தில், பெங்களூருவின் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தொடரில், கட்டத்திரையின் முன் தொதவர் பெண்ணாக வேடமிட்டார். அளக்கும் கண்ணை அது கூர்மையாகவே பகடி செய்கிறது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல: ஃபோலி நிற்பது தம் முன்னோரின் இடத்தில், புஷ்பமாலாவோ வேடத்தைக் களைந்துவிட்டுப் போகலாம். இருளர் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

ஏனெனில் அளவுகோல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளிச்சமூகத்துடன் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை என்று 1965இல் லோகூர் குழு பழங்குடிக்கு இலக்கணம் வகுத்தது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைக்கும் சமவெளி இருளருக்குப் புவியியல் தனிமை எங்கிருந்து வரும்? 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், இனக்கூறுகளை ஆராய்ந்து சான்றிதழைச் சரிபார்க்கும் முறையை வகுத்தது. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த முறை, உண்மையானவரையும் சந்தேகத்தில் நிறுத்தியது.

2023 மார்ச் 24 அன்று, மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இனக்கூறுச் சோதனையே இறுதி உரைகல் ஆகாது என்றது. இடப்பெயர்வும் நவீன வாழ்வும் வழக்கங்களை மாற்றும் என்பதையும் அது ஏற்றது. வரவேற்போம். ஆனால் அதே தீர்ப்பு, 1950ஆம் ஆண்டு ஆணைக்கு முற்பட்ட ஆவணங்களுக்கே மிகுந்த மதிப்பளிக்கிறது. நிலப்பத்திரமோ பள்ளிச் சான்றோ இல்லாத குடும்பம் எதைக் காட்டும்? அரசு அக்காலத்தில் அவர்களைப் பற்றித் திரட்டியது பெயரற்ற முகங்களையும் அளவுகளையும்தான்.

எனவே மனு எழுதும் தோழர்கள் இரண்டைச் செய்யலாம். தந்தை அல்லது உடன்பிறந்தோர் சான்றிதழை முதலில் இணையுங்கள். தோற்றத்தையோ தொழிலையோ காட்டி வாய்மொழியாக மறுத்தால், அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 2023 தீர்ப்பைக் கொண்டு வாதிட அந்தத் தாள் தேவை.